குவைத்தில் ஒரு மீனுக்குப் பெரட்டு

1

எங்கள் ஊர் பூனாகலையிலிருந்து யார் போன் எடுத்தாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்.

"குவைத்துல ஒனக்கு என்னா புள்ள வேல?"

சமையல், துணி துவைக்கிறது, கூட்டித் துடைக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதனால் இப்போதெல்லாம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

"ஒரு மீனுக்குப் பெரட்டு போடுறேன்."

அந்தப் பக்கம் மெதுவாக, "பாவம், அங்க வெயிலு ஜாஸ்தியாம்ல" என்பார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஓர் இடத்தில் கூடிப் பேர் கொடுப்பது. யார் எந்த மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவது என்று அங்கேதான் முடிவாகும். ரொம்ப காலத்துக்கு முன்னால் விடியும்போது தப்பு மேளம் அடித்து ஆட்களைக் கூப்பிடுவார்களாம். மீனுக்கு எதற்குப் பெரட்டு என்று கேட்டால், அதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நான் படித்தது கொஞ்சம். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வரும் மாதம் என் அண்ணன் பாலா இறந்து ஒரு வருஷம். மலையில் மருந்தடிக்கப் போன இடத்தில் குளவிக்கூடு கலைந்துவிட்டது. பதுளைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டான். அவனைப் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போகிற எடுப்பை நான் போனில்தான் பார்த்தேன். அதையும் முழுதாகப் பார்க்கக் கிடைக்கவில்லை. சித்தி மகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. பெட்டியைத் தூக்குகிற நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. கடைசியாக நான் பார்த்தது யாரோ ஒருவருடைய குடை. ஒரு கம்பி உடைந்த கறுப்புக் குடை. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த எடுப்பு.

அதனால் தெவசத்துக்காவது போயே ஆக வேண்டும் என்று இருந்தேன். என்னை இங்கே அனுப்பின கொழும்பு ஏஜென்சிக்காரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"யாரும்மா செத்தது? அப்பாவா, அம்மாவா?"

"அண்ணேங்க."

"எப்ப?"

"ஒரு வருஷமாகப் போகுதுங்க."

"ஒரு வருஷத்துக்கு முன்னாடி செத்தவருக்கு இப்ப என்னம்மா அவசரம்?"

நேராக மேடத்திடமே கேட்டுவிட்டேன். இந்த நாட்டில் வீட்டு முதலாளியம்மாவை 'மாமா' என்று கூப்பிட வேண்டும், அவர் புருஷனை 'பாபா' என்று. வந்த புதிதில் ஒரு பொம்பளையைப் பார்த்து மாமா என்று கூப்பிட எனக்குச் சிரிப்பு தாங்காது. இங்கே மேடம் என்றே எழுதுகிறேன். அவர்கள் பேசுவது அரபி. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது, அதனால் நம்ம தோட்டத்துப் பேச்சில் எழுதிவிடுகிறேன். அவர்களுக்கே தெரியாமல் அவர்களும் கொஞ்ச நேரம் பூனாகலைக்காரர்களாக இருக்கட்டும்.

"லீவுதானே, போயிட்டு வா," என்றார் மேடம். நல்ல மனுஷி.

பாபாதான் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இந்த மீன யாரு பாக்குறது? நீ போட்டாதான திங்குது? போன மாசம் நீ காய்ச்சல்ல படுத்திருந்தப்ப எங்க யாருகிட்டயும் வாயே தொறக்கல. நீ வர்றதுக்குள்ள அது பட்டினியிலயே செத்துரும்."

"அதுக்கு நான் என்னாங்க செய்றது?"

"வீட்டுல வேற யாரு கையாலயாவது திங்கப் பழக்கு. அது திங்குற அன்னைக்கே டிக்கெட் போட்டுத் தர்றேன்."

ஆக, அண்ணன் தெவசத்துக்கு நான் போவதும் போகாததும் ஒரு மீனின் வாயில் இருந்தது. அதுவும் எவ்வளவு சின்ன வாய் தெரியுமா? விசில் அடிக்கப் போகிறவன் மாதிரி எப்போதும் குவித்தே வைத்திருக்கும்.

2

அண்ணன் இறந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்த மீன் இந்த வீட்டுக்கு வந்தது. ஹாலில் சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. கீழே மரஅலுமாரி, மேலே உப்புத்தண்ணீர், உள்ளே கல்லும் சின்னச் சின்ன மீன்களும். தொட்டியைப் பராமரிக்க வாரத்துக்கு ஒரு தடவை மீன் கடையிலிருந்து ஓர் ஆள் வருவார். பெயர் ராஜேஷ், தூத்துக்குடிக்காரர். அவர்தான் ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு அந்த மீனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் பையைப் பார்த்து, "ஐயோ, நல்லாருக்கே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"நீங்க தமிழா?" என்றார்.

"ஆமாங்க, சிலோன்."

"சிலோன்னா யாழ்ப்பாணத் தமிழ்ல பேசுவாங்களே. நீங்க மதுரைக்காரங்க மாதிரி பேசுறீங்க?"

"நாங்க மலையகம் தம்பி. பதுளைப் பக்கம்."

"தம்பியா? நான் உங்களவிட பெரியவங்க."

பெரியவர் என்று எனக்கும் தெரியும். முன்தலை வழுக்கை, மீசையில் நரை. ஆனால் அந்த நாட்களில் யாரைப் பார்த்தும் அண்ணா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. குவைத்தில் தமிழ் பேசுகிற ஆம்பளை எல்லாரும் அண்ணன்தான். கடைக்காரர், டாக்சிக்காரர், எல்லாரும். நான் அத்தனை பேரையும் தம்பி ஆக்கிவிட்டேன். தாடி நரைத்தவரையும் விடவில்லை.

"சரி, தம்பியாவே இருந்துட்டுப் போறேன்," என்றார் ராஜேஷ். "இந்த மீனும் உங்க ஊர்தான், தெரியுமா? டாங்னு சொல்லுவாங்க. இலங்கைக் கடல்ல புடிச்சு, கொழும்பு வழியா ப்ளேன்ல வந்தவன்."

"எங்க ஊர்ல கடலே இல்லீங்க. கடலப் பாக்கணும்னா விடிய பஸ் ஏறணும்."

"பரவால்ல. ரெண்டு பேரும் ஒரே ஏர்போர்ட்தான?"

அது உண்மைதான். நான் வந்தபோதும் கையில் ஒரு பிளாஸ்டிக் உறைதான் இருந்தது. அதற்குள் பாஸ்போர்ட். மற்றபடி எங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. அவனுக்கு உடம்பெல்லாம் வான நீலம், முதுகில் மஞ்சள், முகம் மட்டும் கரி பூசின மாதிரி கறுப்பு, தாடைக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை.

போகும்போது வீட்டார் எல்லாரையும் கூப்பிட்டு வைத்து ராஜேஷ் ஒன்றே ஒன்றைச் சொன்னார். "கண்ணாடிய மட்டும் யாரும் தட்டாதீங்க. பயந்துரும்." அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டம். பாபாவின் மகள் நூரா, நாலாம் வகுப்புப் படிக்கிறாள், ஒரு தடவை விரலால் தொட்டதற்கே ஏச்சு வாங்கினாள்.

மறுநாள் காலையில் எல்லாரும் பாபாவின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். பகல் சாப்பாட்டுக்குத் திரும்பி வருவார்கள். நான் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு ஹாலைத் துடைக்க வந்தேன். பார்த்தால் மீன் கல்லுச் சந்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. நீலம் போய்விட்டது. உடம்பெல்லாம் சாம்பல் தடவின மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறது.

"டேய்," என்றேன். "டேய், எந்திரி." அசையவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. குசினிக்குப் போய் அடுப்பை அணைத்தேன். சோறு பாதி வெந்திருந்தது. எங்கள் லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டின காம்பரா வீடுகள்; ஒரு காம்பராவில் உயிர் போனால் லயம் முழுக்க அடுப்பு அணைந்துவிடும். பெட்டியைத் தூக்கிய பிறகுதான் மூட்டுவார்கள். அண்ணன் போன அன்று நான் இதே அடுப்பில் விருந்தாளிகளுக்குக் கோழி பொரித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்ச் சத்தத்தில் போன் அடித்ததே கேட்கவில்லை.

ஒரு வெள்ளை டவலை எடுத்து வந்து தொட்டியை மூடினேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அழுதேன். நன்றாகவே அழுதேன், மூக்குச் சிந்துகிற அழுகை. வீட்டில் யாருமில்லை, யாருக்கும் தொந்தரவில்லை.

அவர்கள் பசியோடு திரும்பி வந்தார்கள். மேசை காலி. நான் கேத வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

மேடம் பதறிப் போனார். "என்னா ஆச்சு? யாரு செத்தது?"

"மீனு," என்றேன்.

பாபாவின் முகம் செத்துப் போனது. மெதுவாக டவலைத் தூக்கினார். உள்ளே மீன் பளபளவென்று, இப்போதுதான் பெயின்ட் அடித்த மாதிரி, கல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து வாயைக் குவித்தது.

பாபா மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலி மேசையைப் பார்த்தார்.

"இதா செத்துருச்சு?"

"காலையில செத்துச்சுங்க. இப்ப இல்ல."

ராஜேஷுக்குப் போன் போட்டால் அவர் பேசுவதற்கு முன்னால் சிரித்து முடிக்கவே நேரமானது. "டாங் அப்படித்தாங்க. புது எடத்துல பயந்தா கல்லுக்குள்ள சாஞ்சு படுத்துக்கும். தூங்குறப்ப கலரு வெளுத்துரும். தூங்குறவனுக்கா எழவு கூட்டுனீங்க?"

அன்று வீட்டுக்குச் சாப்பாடு கடையிலிருந்து வந்தது. பாபா இந்தக் கதையைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். இன்றைக்கும் விருந்தாளி யார் வந்தாலும் முதலில் தொட்டியைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். ஆனால் மேடம் மட்டும் அன்று குசினிக்கு வந்து, "ஒங்கூர்ல யாரு செத்தா அடுப்பு அணைப்பீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பாதி வெந்த சோற்றைத் தானே எடுத்துக் கொட்டினார்.

3

பழகப் பழக அவனை எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அவனுக்குக் கங்காணி என்று பெயர் வைத்தேன். வேறு பெயர் பொருந்தாது. கங்காணி என்றால் வேலையாட்களுக்கு மேலே நிற்கிறவர், அதாவது வேலை செய்யாமல் வேலை வாங்குகிறவர். இவன் காலையில் விளக்கு எரிந்ததும் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு சுற்று வருவான். ஒவ்வொரு கல்லாக நின்று பார்ப்பான். நிரையில் கொழுந்து விட்டுப் போயிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, பாசி இருக்கிற இடத்தில் ஒரு கடி, அடுத்த இடத்தில் ஒரு கடி. நாள் முழுக்க இதே வேலை. இடையில் சின்ன மீன் எதுவும் குறுக்கே வந்தால் விரட்டல்தான். வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி மாதிரி ஒரு முள் வைத்திருக்கிறான். வாலை ஆட்டிக் காட்டினால் போதும், எல்லாரும் ஒதுங்கிவிடுவார்கள். தொட்டி கழுவப் போய் நானும் ஒரு தடவை வாங்கினேன். பிளேடு வெட்டின மாதிரி ரத்தம். மூன்று நாள் அவனோடு நான் பேசவில்லை. அவன் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஒரு வாரம் முழுக்க ஒரே மூலையில் நின்று கண்ணாடியோடு சண்டை போட்டான். மேலே போவான், கீழே வருவான், வாலைத் திருப்புவான். அங்கே யாருமில்லை.

"பேய் கீய் தெரியுதோ?" என்று ராஜேஷிடம் கேட்டேன்.

"அவன் மூஞ்சிதான் அவனுக்குத் தெரியுது. இன்னொரு டாங் எடத்தப் புடிக்க வந்துட்டான்னு நெனைக்கிறான்," என்று சொல்லிக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஒரு கறுப்புத் தாளை ஒட்டினார். எதிரி ஓடிவிட்டான் என்று கங்காணிக்கு இரண்டு நாள் ஒரே பெருமை.

ஆனால் இவனே ஒருத்தரிடம் மட்டும் பணிவான். வெள்ளை மீசை வைத்த ஒரு சிவப்பு இறால். அதன் முன்னால் போய்ச் சலூனில் உட்கார்ந்தவன் மாதிரி அசையாமல் நிற்பான். தலையைத் தூக்குவான், வாயைத் திறப்பான். இறால் அவன் மேலெல்லாம் ஏறிச் சுத்தம் செய்யும். பக்கத்து மலைக் கங்காணி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைச் சலூனில் இதே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்.

பாஷையால் வந்த கூத்தும் உண்டு. அரபியில் மீனுக்குச் சமக் என்பார்கள். ஒரு நாள் மேடம் போன் போட்டு, சமக்கை வெளியே எடுத்து வை, வந்து சமைக்கலாம் என்றார். பிரிட்ஜில் இருந்த மீனைத்தான் சொல்லியிருக்கிறார். நான் வலையை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, "கங்காணி, என்னா பாவம்டா செஞ்ச" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல வேளையாக நூரா பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள்.

அவனுக்குச் சாப்பாடு கடல்பாசித் தாள். காய்ந்த பச்சைத் தாள் மாதிரி இருக்கும். அதை வெள்ளைப்பூண்டுச் சாற்றில் கொஞ்சம் ஊற வைத்து, தொட்டியின் மேல் விளிம்பில் ஒரு கிளிப்பில் மாட்டி விட வேண்டும். நோய் வராது என்று ராஜேஷ்தான் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மாதிரி நானும் காலையிலும் பின்னேரமும் பூண்டு நசுக்குவேன். தாள் ஊறுகிற வரைக்கும் அலுமாரியில் சாய்ந்து நிற்பேன். மாட்டியதும் அவன் ஓடி வருவான். தாமதமானால் மேலே வந்து வாலால் தண்ணீரை அடிப்பான். மேல் மூடி திறந்திருந்தால் எனக்குத்தான் அபிஷேகம்.

4

பழக்குகிற வேலையை மேடத்திலிருந்து தொடங்கினேன். அவர் பூண்டு நசுக்கினார், தாளை ஊற வைத்தார், மாட்டினார். கங்காணி கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். பாதி முகம் மட்டும் தெரிந்தது.

"அதுக்கு என்னையப் புடிக்கல," என்றார் மேடம்.

"வெக்கமா இருக்கும் மேடம்."

"எனக்குத்தான் வெக்கமா இருக்கு. இத்தன வருஷம் இந்த வீட்டுல இருக்குறேன்."

மறுநாள் நூரா. அவளிடமும் வரவில்லை. என் உடுப்பைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்கிறான் என்று நூரா சொன்னாள். அவள் எந்நேரமும் டேப்லட்டில் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பாள். அதில் யாரோ சொன்னார்களாம், மீனுக்கு ஆளைத் தெரியும் என்று. அதனால் என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, என் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, என் செருப்பையும் மாட்டிக்கொண்டு நின்றாள். கங்காணி வந்து பார்த்தான். திரும்பிப் போய்விட்டான்.

"நீ குட்டையா இருக்க. அதான் நம்ப மாட்டேங்குது," என்றார் பாபா.

அப்படியென்றால் உயரமானவர் யார்? எல்லாரும் அவரையே பார்த்தோம். பாபா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏப்ரனை வாங்கிக் கட்டினார். முடிச்சு எட்டவில்லை. மேடம் பின்னால் நின்று இழுத்துக் கட்டினார். நீள வெள்ளைச் சட்டை, மேலே பூப் போட்ட ஏப்ரன், அதற்கு மேலே என் முக்காடு. மீசை மட்டும் மறைக்க முடியவில்லை.

"பேசுங்க," என்றாள் நூரா. "அவங்க பேசுற மாதிரி பேசுங்க."

பாபா தொட்டிக்குக் குனிந்து, "வாதா கன்கானி," என்றார் தமிழில்.

அந்த நேரம் பார்த்துத்தான் ராஜேஷ் தொட்டி கழுவ உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். பாபா திரும்பிப் பார்த்தார். பிறகு ராஜேஷ் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "யக்கா, உங்க தங்கச்சியா?" என்றார்.

நான் குசினிக்கு ஓடிவிட்டேன். அண்ணன் போன பிறகு வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்தபோது பயம் வந்துவிட்டது. கங்காணி அன்றும் தின்னவில்லை. தெவசத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து அம்மா ஒவ்வொரு தடவை பேசும்போதும், "ஐயருக்கு சொல்லிட்டோம் பாப்பா, நீ வர்ற தான?" என்று கேட்பார். நான், "மீனக் கேட்டுச் சொல்றேம்மா" என்பேன். அம்மா போனை வைத்துவிடுவார். மகன் போனதில் மகளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கலாம்.

அதற்கிடையில் ஒரு நாள், வெளியே கிளம்பும் முன், பாபா ஒரு தாளை நீட்டினார். டிக்கெட்டுக்கு விலாசம் எழுத வேண்டுமாம். வீட்டு நம்பர், ரோட்டுப் பேர்.

"எங்க வீட்டுக்கு ரோடே இல்லீங்க. மேல் லயம், கடைசிக் காம்பரா."

"எல்லா வீட்டுக்கும் நம்பர் இருக்குமே?"

"தண்ணிப் பீலிக்கு, எல்லாரும் தண்ணி புடிக்கிற எடத்துக்கு, பக்கத்துல இருக்குன்னு எழுதுங்க. எல்லாருக்கும் தெரியும்."

பாபா எழுதவில்லை. "மொதல்ல மீனு திங்கட்டும்," என்று தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

5

கண்டுபிடித்தது நூராதான்.

அவளைப் பற்றி வீட்டில் ஒரு வருத்தம் உண்டு. அரபி பேச மாட்டாள், வேறு வழியில்லாமல் என்னிடம் மட்டும் கொஞ்சம் பேசுவாள். பாட்டி அரபியில் கேட்டால் இவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பாட்டிக்குக் கோபம், மேடத்துக்கு அழுகை. எனக்கு அது புரியும். என் அண்ணன் மகள் கவி முன்பு போனில் அத்தை என்பாள். இப்போது 'குவைத் அத்தை' என்கிறாள். இன்னும் எத்தனையோ அத்தை இருக்கிற மாதிரியும், அதில் நான் தூரத்து அத்தை மாதிரியும்.

அந்த நூரா ஒரு நாள் காலையில் நான் கங்காணிக்குச் சாப்பாடு வைப்பதை டேப்லட்டில் வீடியோ எடுத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க ஏன் தட்டுறீங்க?"

"நான் எங்க தட்டுனேன்? கண்ணாடியத் தொட்டதே இல்ல."

"கண்ணாடிய இல்ல. பாருங்க."

பார்த்தேன். என் முதுகு தெரிகிறது. தாள் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. நான் அலுமாரியில் சாய்ந்து எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் வலது கை அலுமாரிப் பலகையில் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறது. டண்ட டக்க, டண்ட டக்க, டண்ட டக்க... கொஞ்சம் நிற்கிறது... டண். தொட்டிக்குள் கங்காணி எங்கிருந்தோ ஓடி வந்து கிளிப்புக்குக் கீழே நிற்கிறான். தாளை நான் இன்னும் கையில்கூட எடுக்கவில்லை.

நான் தட்டுவது எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஆனால் அது என்ன அடி என்று தெரியும். அண்ணன் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் தப்பு அடிக்கிறவன். தோட்டத்தில் இப்போது பெரட்டுக்குத் தப்பு அடிப்பதில்லை. ஆனால் என்னை எழுப்புவதற்கு மட்டும் அவன் அடிப்பான், என் தலைமாட்டில், பிளாஸ்டிக் வாளியில். "பெரட்டு, பெரட்டு! பேரு குடுக்க வா பாப்பா!" கடைசி அடியை மட்டும் உடனே அடிக்க மாட்டான். கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பான். அந்த அடி விழுவதற்குள் நான் எழுந்துவிட வேண்டும். விழுந்துவிட்டால் வாளித் தண்ணீர் முகத்தில். அதுதான் சட்டம். நான் பாதி நாள் நனைந்துதான் எழுந்திருப்பேன்.

வீடியோவை நூரா திரும்பத் திரும்ப ஓட விட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவள், "அழாதீங்க, நான் பாட்டரி போற வரைக்கும் போடுறேன்" என்றாள்.

அன்றிலிருந்து வீடு முழுக்கத் தப்புப் பள்ளிக்கூடம். மேடம் கதவு தட்டுகிற மாதிரி தட்டினார். கங்காணி வரவில்லை. பாபாவுக்குக் கை நன்றாக வரும், ஆனால் இரண்டாவது சுற்றிலேயே அவருடைய ஊர்க் கல்யாண அடிக்குப் போய்விடுவார். தோளும் ஆடத் தொடங்கிவிடும். கங்காணி கல்லுக்குள் போய்ச் சாய்ந்து படுத்துவிட்டான்.

"பாபா, அது கல்யாணம் இல்ல. வேல," என்றேன்.

"கல்யாணத்துக்கு வராத மீனு வேலைக்கு வருமா?" என்றார். அவருக்கு அது கடைசி வரைக்கும் புரியவில்லை.

ராஜேஷ் வேறு ஒரு பக்கம். "மீனுக்குத் தாளம் எல்லாம் தெரியாதுங்க. பலகையில அதிருது, சாப்பாடு வருதுன்னு வருது. யாரு எப்படித் தட்டுனாலும் வரணும்."

"அப்ப நீங்க தட்டுங்க தம்பி."

தட்டினார். வரவில்லை. "இன்னைக்குப் பசிக்கல போல," என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நூரா மட்டும் விடவில்லை. சோற்று மேசையில் தட்டுவாள், காரில் தட்டுவாள், பாட்டி முதுகு பிடித்துவிடச் சொன்னால் அதிலும் தட்டுவாள். கூடவே வாயில் "பெரட்டு! பேரு குடுக்க வா!" மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அரபி போச்சு, இங்கிலீஷ் வந்துச்சு. இப்ப இது என்னா பாஷ?"

அவளுக்கு வராதது ஒன்றுதான், அந்தக் கடைசி அடி. அவசரப்பட்டு உடனே அடித்துவிடுவாள்.

"காத்திரு," என்றேன். "அது எந்திரிக்கிறதுக்கு நேரம் குடு."

அடுத்த நாள் காலையில் நான் தொட்டியிலிருந்து தள்ளி, குசினி வாசலில் நின்றேன். நூரா தட்டினாள். டண்ட டக்க, டண்ட டக்க, டண்ட டக்க. கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கல்லுக்குப் பின்னாலிருந்து கறுப்பு முகம் எட்டிப் பார்த்தது. டண். கங்காணி வந்தான். தாளை இழுத்தான், கடித்தான், தின்றான், இன்னும் இருக்கிறதா என்று பார்த்தான்.

ஒருவரும் கத்தவில்லை. கத்தினால் ஓடிவிடுவான் என்று எல்லாருக்கும் பயம். பாபா சத்தமில்லாமல் கையை மேலே தூக்கி ஆட்டினார். பிறகு மேசையடியிலிருந்து அந்த விலாசத் தாளை எடுத்து வந்து, "தண்ணிப் பீலிக்குப் பக்கத்துல. எப்படி எழுதுறது, சொல்லு," என்றார்.

6

அன்று பின்னேரமே அம்மாவுக்கு வீடியோ கால் எடுத்தேன். போனை அலுமாரி மேல் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று பூண்டு நசுக்கிக்கொண்டே பேசினேன்.

"டிக்கெட் வந்துருச்சும்மா. தெவசத்துக்கு முந்தின நாளே வந்துருவேன்."

"மீனு விட்டுருச்சா?" என்றார் அம்மா. கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை.

"விட்டுருச்சும்மா."

"நல்லாருக்கட்டும். இங்க ஒரே மழ. அட்ட வேற. நீ வர்றப்ப நல்ல செருப்பா போட்டுக்கிட்டு வா. கொழும்புல எறங்குனதும்..."

பின்னேரச் சாப்பாட்டு நேரம். நூரா வந்து என் பக்கத்தில் நின்று தட்டத் தொடங்கிவிட்டாள். டண்ட டக்க, டண்ட டக்க, டண்ட டக்க. அம்மா பேச்சை நிறுத்தினார். நூரா கையைத் தூக்கிக் காத்திருந்தாள். அம்மாவும் காத்திருந்தார். டண்.

அம்மா போனைக் கிட்டே இழுத்தார்.

"யாரு பாப்பா அடிக்கிறது?"

"இந்த வீட்டுப் புள்ளம்மா. மீனுக்குச் சோறு போடுது."

"அந்தக் கடைசி அடி..." என்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "கவி, இங்க ஓடியா, அப்பா வாளி அடிக்கிறது கேளு," என்று உள்ளே பார்த்துக் கத்தினார். கவி ஓடி வந்தாள். போனுக்குள் முகத்தை வைத்தாள், ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"திரும்ப அடிக்கச் சொல்லு அத்த," என்றாள்.

நூராவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே அடித்தாள். தாள் இன்னும் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தது. அதை எடுக்க யாருக்கும் ஞாபகமில்லை. கங்காணி வந்து கிளிப்பைப் பார்த்தான், ஒன்றுமில்லை. போனான். நூரா திரும்ப அடித்தாள். வந்தான், ஒன்றுமில்லை. பெரட்டுக்குக் கூப்பிட்டு வேலை கொடுக்காவிட்டால் எந்தக் கங்காணிக்குத்தான் கோபம் வராது? நூரா திரும்பவும் தொடங்கினாள். கை மேலே நின்றது. அம்மா, கவி, நூரா, நான், எல்லாரும் அந்த ஓர் அடிக்காகக் காத்திருந்தோம். டண்.

அவன் மேலே வந்து வாலைத் திருப்பி ஓர் அடி அடித்தான். தண்ணீர் நேராக என் முகத்தில்.

"என்னா புள்ள," என்றார் அம்மா, "மூஞ்சியெல்லாம் தண்ணி?"

"எந்திரிக்க லேட்டாயிருச்சும்மா," என்றேன்.